பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எந்தப் பேருந்து ஓடவேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கும், அந்தப் பேருந்துக்குப் படம் வரைந்து பாடி கட்டுகிற பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் அம்மாப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடை வரை கேலிப்பர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம், கையில் ஊன்றுகோல். நூல், லைனிங் துணி, ஊக்கு வாங்கக் கடைவீதிக்கு வாரம் மூன்று நாலு தடவை டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மலை ஏறுகிறேன்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த வண்டிக்குப் படம் வரைந்து கையெழுத்துப் போடும் முன்னால் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வண்டி வந்து, பூசை போட்டு, கொடி அசைத்த பிறகு கேட்டால் அதில் பிரயோஜனம் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். அரசு வண்டியா தனியார் வண்டியா, எத்தனாம் நம்பர் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. எல்லா வண்டியிலும் படி ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மழை விட்ட நேரம். ஜங்ஷன் பக்கமிருந்து வீட்டுக்கு வரும் பஸ். நான் ஏறுவது எப்படி என்றால், முதலில் ஊன்றுகோலை உள்ளே போட்டுவிட வேண்டும், அல்லது யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் இடது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலைப் படியில் வைத்து, உடம்பை மேலே இழுத்துக்கொண்டு, வலது கையால் கேலிப்பர் காலைத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இதையே மூன்று படிக்கும் செய்ய வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்கு அவசரம். நடத்துநர் நல்ல மனிதர். "பார்த்து வாங்க அக்கா" என்று ஊன்றுகோலை வாங்கி முன்னால் ஓட்டுநர் பக்கம் சாத்தி வைத்தார். எனக்கு எழுந்து இடமும் கொடுத்தார்கள். ஆனால் உட்கார்ந்தால் கேலிப்பர் கால் மடங்காது. முட்டிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் வளையத்தைத் தூக்கிப் பூட்டை விடுவித்தால்தான் மடங்கும். முன் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில் குனிந்து அந்த வளையத்தைத் தொட இடமில்லை. அதனால் காலை நீட்டியபடி, போகிற வருகிறவர்கள் எல்லாம் தாண்டிப் போகும்படி, பாதையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் இறங்கும் நிறுத்தம் வந்தது. எழுந்து பார்த்தால் ஊன்றுகோல் சாத்திய இடத்தில் இல்லை. ஒரு பிரேக்கில் சறுக்கி எங்கோ சீட்டுக்கு அடியில் போய்விட்டது. "கட்டையைக் காணோமே" என்று நான் சொல்வதற்குள் விசில் அடித்தாகிவிட்டது. நடுவே தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் திரும்பி நடந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் தள்ளவில்லை. அந்த வண்டியில் இருந்த அத்தனை பேரும் எனக்கு உதவத்தான் பார்த்தார்கள். ஊன்றுகோலை மாட்டுவதற்கு ஒரு கொக்கி இல்லை, அவ்வளவுதான். நாலு அங்குல வார் ஒன்று, கொக்கி ஒன்று. வண்டியை வரைந்தவர் என்னைப் போன்ற ஒருத்தியிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் அது இருந்திருக்கும்.

அதுவும் நான் புதிதாகக் கேட்பது இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2020 மார்ச் 1 முதல் பேருந்துகளில் முன்னுரிமை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோலையும் கைத்தடியையும் பத்திரமாக வைக்க இடம், சக்கர நாற்காலி ஏற வழி, ஏறியபின் அதைப் பூட்டி நிறுத்த ஏற்பாடு எல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு போக்குவரத்தைப் பற்றியே பேசுகிறது. பழைய வண்டிகளை மாற்றுவது பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்தப் பிரிவு, தொழில்நுட்பம் இடம்கொடுத்தால், செலவு கட்டுப்படியானால், பெரிய மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பதில்தான் எங்கள் பயணம் இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி எதுவும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும், அதையும் எங்களைப் போன்றவர்களைக் கலந்துதான் வகுக்க வேண்டும் என்று சொன்னது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 4ஆவது பிரிவிலும் இதே பேச்சு இருக்கிறது: எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களை நெருக்கமாகக் கலந்து பேச வேண்டும் என்று.

சட்டத்தில் இருப்பது சேலத்துப் படியில் இல்லை. தையல் நாடாவை எடுத்துப்போய் ஒருநாள் அளந்தேன். தரையிலிருந்து முதல் படி 17 அங்குலம். எனக்குச் சிரமமில்லாமல் ஏற முடிகிற உயரம் எட்டு, ஒன்பது. என்னை விடுங்கள், அன்று என் பின்னால் ஏறிய நிறைமாதக் கர்ப்பிணியும், அவளுக்குப் பின்னால் பூக்கூடையோடு ஏறிய அம்மாவும் அதே படியில்தான் மூச்சு வாங்கினார்கள். அந்த அம்மா கூடையை முதலில் மேலே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். நான் ஏறுகிற மாதிரியேதான் அவரும் ஏறினார்.

பேருந்துகளைத் தளத்தின் உயரத்தை வைத்து மூன்று வகையாகச் சொல்கிறார்கள். தளம் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பது சாதாரண வண்டி, 650 என்றால் பாதித் தாழ்தளம், 400 என்றால் தாழ்தளம். என் நாடாக் கணக்கில் 35 அங்குலம், 26 அங்குலம், 16 அங்குலம். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை போடுவதற்குக் கட்டடங்களில் ஒரு கணக்கு உண்டு: ஒரு அங்குலம் ஏற ஓர் அடி நீளம். பாதித் தாழ்தள வண்டியை ஆறு அங்குல நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் ஏற வேண்டியது 20 அங்குலம். அப்படியென்றால் 20 அடி நீளப் பலகை! சேலத்தில் எந்த நிறுத்தத்தில் அதை விரிப்பது? தாழ்தள வண்டியில் 10 அங்குலம்தான் மிச்சம். வண்டியே இடப்பக்கம் கொஞ்சம் குனிந்து கொடுத்தால் இன்னும் குறையும். பலகை கொஞ்சம் செங்குத்தாக இருந்தாலும் நடத்துநர் பின்னால் ஒரு கை கொடுத்தால் ஏறிவிடலாம். ஆனால் வண்டி நடைமேடையை ஒட்டாமல் நடு ரோட்டில் நின்றால் அந்த ஆறு அங்குலமும் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும். வண்டியோடு சேர்த்து நிறுத்தத்தையும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. அது தானாக வந்துவிடவில்லை. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்கு நடத்தியதால் வந்தது. கோவைக்கும் மதுரைக்கும் ஒதுக்கியதைப் பார்த்தபோது சேலத்துக்காரி என்ற முறையில் மனசு கேட்டது, நமக்கு எப்போது என்று. அமெரிக்காவில் டென்வர் நகரத்திலும் கதை இதேதான். 1978 ஜூலை 5 அன்று 19 பேர் சக்கர நாற்காலிகளோடு போய்ப் பேருந்துகளைச் சூழ்ந்து நடு ரோட்டிலேயே இரவும் இருந்தார்கள். புதிதாக வாங்கிய வண்டிகளிலும் அவர்கள் ஏற வழி வைக்கவில்லை என்பதுதான் அவர்கள் கோபம். வழக்கும் மறியலும் இல்லாமலே சேலத்தில் இது நடக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு நீங்கள் முதலில் வந்து கேட்க வேண்டும்.

சரி, தாழ்தள வண்டியே வாங்கிவிடலாம் என்றால் டவுனுக்கு அது சரிவரும். அஸ்தம்பட்டி, நாலு ரோடு, ஐந்து ரோடு, சூரமங்கலம், கொண்டலாம்பட்டி வழித்தடங்களில் ரோடு பெரும்பாலும் சமம்தான், வேகத்தடைகளைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தால் ஓடும். மலைக்கு அது ஆகாது.

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முன்மூக்கு பள்ளத்துப் பக்கம் நீண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. நீளமான வண்டி, தரையோடு தாழ்ந்த அடிப்பாகம் இரண்டும் அங்கே உதவாது என்பது ஓட்டுநர்களிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதனால் மலைக்கென்று தனியாக யோசித்தாக வேண்டும். "மலைக்குத் தாழ்தளம் ஆகாது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கோப்பை மூடிவிடக் கூடாது.

என் அக்கா மகனுக்கு 16 வயது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். பிசியோதெரபிக்காக மாதம் இரண்டு தடவை சேலத்துக்கு இறங்கவேண்டும். நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டு, அவனை மாமாவும் வேறு யாராவது ஒருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றுவார்கள். சின்னப் பையனாக இருந்தபோது சிரித்துக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொள்வான். இப்போது தூக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். பஸ்ஸில் அவன் வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள். சீட்டில் உட்கார வைத்தபின் வளைவுக்கு வளைவு அவன் உடம்பு சாயும். இடுப்பில் பலம் இல்லை, சீட்டுக்குக் கைப்பிடி இல்லை. அக்கா ஒரு கையை அவன் மார்புக்குக் குறுக்கே போட்டு, இன்னொரு கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே இருபது வளைவும் இறங்குவாள். கீழே வந்தபின் அந்தக் கை ஒரு மணி நேரம் நடுங்கும். நான் பார்த்திருக்கிறேன்.

அவனிடம் ஒருநாள் கேட்டேன், "உனக்குன்னு ஒரு பஸ் கட்டினா எப்படிடா இருக்கணும்?" என்று. யோசிக்கவே இல்லை. "நாற்காலியோட ஏறணும் சித்தி. ஜன்னல் என் கண்ணு உயரத்துக்கு இருக்கணும்" என்றான். சக்கர நாற்காலி நிற்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பல வண்டிகளில் கண்ணுக்கு நேரே தெரிவது ஜன்னல் இல்லை, தகரம். சேர்வராயன் மலையில் பிறந்த பையன், போகிற வழியெல்லாம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டுமா? இந்த ஜன்னல் விஷயம் எனக்கே தோன்றியதில்லை. இருபத்து மூன்று வருஷமாக அளவெடுக்கிறவள் நான், எனக்கே தோன்றவில்லை என்றால், உங்கள் வரைபட மேசையில் இருப்பவருக்கு எப்படித் தோன்றும்?

இன்னொரு கேள்வியும் அவன் வழியாகத்தான் வந்தது. நகரப் பேருந்துகளில் நாற்காலியை வண்டியின் பின்பக்கம் பார்த்து, முதுகுப் பலகையில் சாய்த்து நிறுத்துவதும் உண்டு. சமமான ரோட்டில் அது சரி. மலை இறங்கும்போது வண்டியே முன்பக்கம் சாய்ந்திருக்கும்போது எது பாதுகாப்பு, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வாந்தி வராது, நாலு முனையிலும் வார் போட்டுக் கட்டுவதை நடத்துநர் எவ்வளவு நேரத்தில் செய்வார்? இதையெல்லாம் வண்டியில் உட்கார்ந்து மலை இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் எண்ணத்தில், மலைக்குக் குட்டையான வண்டி, நடுவில் அகலமான ஒரு கதவு, அதில் கையால் இயக்கக்கூடிய ஒரு தூக்குப் பலகை, ஏற்காட்டிலும் அடிவாரத்திலும் வண்டித் தளத்தின் உயரத்துக்கே கட்டிய ஒரு சின்ன மேடை. மின்சாரத்தில் மட்டும் ஓடுகிற தூக்கி என்றால் மலை மழையிலும் புழுதியிலும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குப் பயம் இருக்கிறது. ஆனால் இதில் என் பேச்சைவிடப் பணிமனை மெக்கானிக்கின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அவரையும் கூப்பிடுங்கள். ஓட்டுநரை, நடத்துநரை, காலையில் வண்டியைக் கழுவுகிறவரை எல்லோரையும் கூப்பிடுங்கள்.

எங்களுக்குள்ளேயே ஒத்துவராத விஷயங்களும் இருக்கின்றன, அதையும் மறைக்கவில்லை. எனக்குத் தரை வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு வழவழப்பாக இருந்தால் நல்லது. எனக்கு வலது கால் பலவீனம் என்பதால் ஏறும்போது இடப்பக்கக் கம்பி வேண்டும். இடது கால் பலவீனமானவருக்கு வலப்பக்கம் வேண்டும். அதனால் கதவின் இரு பக்கமும் கம்பி வேண்டும், ஒன்று போதாது. எங்கள் தெருவில் பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படி எவ்வளவு உயரம் என்பது பெரிய பிரச்சினையே இல்லை, "என்ன பஸ்ஸுங்க இது?" என்று நிறுத்தத்தில் நின்று நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பிரச்சினை. வண்டி வந்து நிற்கும்போது எந்த ஊர், எந்த வழி என்று வெளியே கேட்கும்படி ஒரு குரல் சொன்னால் போதும் என்கிறார். காது கேளாதவர்களுக்கு அந்தக் குரலால் பயனில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று உள்ளே எழுத்தில் ஓட வேண்டும். மங்கலாகப் பார்வை உள்ளவர்கள் படி விளிம்பில் மஞ்சள் பட்டை கேட்கிறார்கள். 2016 சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. 21க்கும் ஒரே படி ஒத்துவராது. எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை நாங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சண்டை போட்டாவது, பேசி முடிவு செய்து தருகிறோம்.

சக்கர நாற்காலிக்கு இடம் விட்டால் நாலு சீட்டு குறையுமே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அந்த இடத்தில் மடக்குச் சீட்டு போடுங்கள். நாற்காலி வராத நேரத்தில் பூக்கூடைக்காரம்மாவும், கைக்குழந்தையை வைத்திருப்பவளும், ஏற்காட்டு வண்டியில் மூட்டையோடு வரும் மலைக் கிராமத்துக்காரர்களும் அந்த இடத்தைத்தான் தேடி வருவார்கள். 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் டவுன் பஸ்ஸில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் அதே ஆண்டு டிக்கெட் வேண்டாம் என்று ஆக்கினார்கள், ரொம்ப நன்றி. ஆனால் ஏற முடியாத படிக்கு டிக்கெட் இல்லாமல் இருந்து என்ன செய்வது?

இப்போது நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில், பட்டுத்துணி கொடுத்து ஜாக்கெட் தைக்கச் சொன்னால், புது ஆளாக இருந்தால் முதலில் காடாத் துணியில் வெட்டி உடம்பில் போட்டுப் பார்ப்போம். அக்குளில் பிடிக்கிறதா, கழுத்து இறங்குகிறதா என்று பார்த்து, குண்டூசி குத்தி, அப்புறம்தான் பட்டில் கத்திரி வைப்போம். அதையே பேருந்துக்கும் செய்யலாம். பாடி கட்டுகிற கரூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு பகலில் போய்த் திரும்பலாம். பாடி கட்டும் முன், ஒட்டுப்பலகையில் வண்டியின் முன்பாதியை மட்டும் அடித்து வையுங்கள்: கதவு, படி, கம்பி, முதல் நாலு சீட்டு, நாற்காலி நிற்கும் இடம், ஜன்னல் ஓட்டை. கை தேர்ந்த தச்சர் ஒருவர் சில நாளில் அடித்துவிடுவார். அதைச் சேலத்தில் நிழலான ஒரு இடத்தில் வைத்து எங்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எங்கே கை எட்டவில்லை, எங்கே முட்டி இடிக்கிறது என்று சாக்பீஸால் அங்கேயே குறித்துத் தருகிறோம். கம்பியை இரண்டு அங்குலம் நகர்த்த அன்றைக்கு ஆகும் செலவு ஒரு திருகாணி. நூறு வண்டி கட்டி முடித்த பிறகு நகர்த்த என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது நடக்காத காரியம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்கர நாற்காலி வடிவமைக்கிறவர்கள், அதில் உட்காரப்போகிற ஆளின் உடம்புக்கு ஏற்றபடி அளவு மாற்றிக்கொடுக்கிறார்கள். ஒரு நாற்காலிக்கு முடிகிறது, ஒரு பேருந்துக்கும் முடியும்.

மரவண்டியில் சரிபார்த்த பிறகு, முதல் வண்டி ஒன்றை மட்டும் கட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். டவுன் வண்டியை அம்மாப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை, மலை வண்டியை பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காடு வரை. மழைநாளில் ஒருமுறை, கூட்ட நேரத்தில் ஒருமுறை நாங்கள் ஏறிப் பார்க்கிறோம். கூலி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வருகிறவர்கள் நாங்கள், தினக்கூலிக்காரர்கள் அதிகம். பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி எங்கள் அளவுக்கும் ஒரு நாள் கூலி கொடுங்கள். சொன்னதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் எழுதிக் கொடுங்கள். "கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது" என்று ஒரு வரியில் முடிந்துவிடக் கூடாது.

கூப்பிடும்போது திங்கட்கிழமை வேண்டாம். அன்று குறைதீர் நாள், எங்களில் பலர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு இருப்போம். கூப்பிடும் இடத்தில் படி இல்லாமல், சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை ஒன்று இருக்க வேண்டும். சைகை மொழி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காலை பத்து மணிக்கு முன்னால் வந்து சேர முடியாது, அதனால் பதினொரு மணிக்கு வையுங்கள். என் அக்கா மகனுக்கு இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும், மாமா லீவு போட்டுவிடுவார். நான் நாடாவும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை தையல்காரி ஒருத்தி